தொழிற்கல்லூரியா, பல்கலைக்கழகமா? வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

"பையன் வெளிநாட்டில் பி.ஜி. படிக்கிறான்" என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். சேர்க்கைக் கடிதத்தை வாங்கிப் பார்த்தால் 'போஸ்ட் கிராஜுவேட் சர்டிபிகேட்' என்று இருக்கும். காலம் எட்டு மாதமோ ஒரு வருடமோ. நடத்துவது ஒரு காலேஜ். யாரும் பொய் சொல்லவில்லை. ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள் சேரும் சான்றிதழ்ப் படிப்பு என்பதுதான் அந்தப் பெயருக்குப் பொருள். ஆனால் நம் காதில் பி.ஜி. என்றால் முதுகலைப் பட்டம். அந்தக் கடிதம் தரப்போவது முதுகலைப் பட்டம் அல்ல. கனடாவின் ஒன்டாரியோ மாகாணக் கல்லூரிகளில் இந்த வகைப் படிப்புகள் நிறைய உண்டு, அவற்றில் அருமையானவையும் உண்டு. இரண்டு மூன்று வருடம் கழித்து "மாஸ்டர்ஸ் கட்டாயம்" என்று ஒரு வேலை விளம்பரத்தைப் பார்க்கும்போதுதான் வித்தியாசம் உறைக்கும். அதற்குள் பணமும் காலமும் போயிருக்கும்.

இந்தக் குழப்பத்துக்கு வேர் 'காலேஜ்' என்கிற சொல்தான். நம் பேச்சில் காலேஜ் என்றால் பட்டம் வாங்கும் இடம். கனடாவில் காலேஜ் என்றால் பெரும்பாலும் டிப்ளமோவும் சான்றிதழும் தரும், தொழில் கற்றுக்கொடுக்கும் நிறுவனம். பட்டத்துக்கு யுனிவர்சிட்டி. அமெரிக்காவில் பல்கலைக்கழகத்தில் படிப்பவரும் "நான் காலேஜில் படிக்கிறேன்" என்றுதான் சொல்வார்; கம்யூனிட்டி காலேஜ் என்பது அங்கே தனி, இரண்டு வருடப் படிப்புக்கான இடம். பிரிட்டனில் பதினாறு வயதுப் பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கும் காலேஜ் என்று பெயர், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குள் இருக்கும் பழம்பெரும் கல்லூரிகளுக்கும் அதே பெயர். ஜெர்மனியில் இன்னும் வேடிக்கை. 'ஹோக்ஷூலே' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் உயர்நிலைப் பள்ளி என்று வரும். ஆனால் அது பட்டம் தரும் உயர்கல்வி நிறுவனம்.

ஆகவே வாசல் பலகையில் இருக்கும் பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பார்க்க வேண்டியது, படிப்பு முடிந்த மறுநாள் உங்கள் கையில் இருக்கப்போகும் தாள். அது எந்தப் படியில் இருக்கிறது, அதை வைத்து எந்த வேலை செய்யலாம், எந்த மேற்படிப்புக்குப் போகலாம், அந்த நாட்டில் எவ்வளவு காலம் தங்கலாம். இந்தக் கட்டுரை முழுக்க அந்தத் தாளைப் பற்றித்தான்.

படிக்கட்டு

உலக நாடுகளின் கல்வி முறைகளை ஒப்பிட யுனெஸ்கோ ஒரு படிக்கட்டு வைத்திருக்கிறது. 2011-இல் திருத்தப்பட்ட அந்த வகைப்பாட்டில் 5-ஆம் படி குறுகிய காலத் தொழில்சார் உயர்கல்வி. டிப்ளமோக்கள் பெரும்பாலும் இங்கே வரும். 6 இளங்கலைப் பட்டம், 7 முதுகலை, 8 முனைவர் பட்டம். இது எல்லா நாட்டுக்கும் பொதுவான வரைபடம் மாதிரி.

இது போக ஒவ்வொரு நாட்டுக்கும் சொந்தப் படிக்கட்டும் உண்டு, எண்கள் ஒத்துப்போகாது. ஆஸ்திரேலியாவில் பத்துப் படிகள்: டிப்ளமோ 5-இல், அட்வான்ஸ்டு டிப்ளமோ 6-இல், இளங்கலைப் பட்டம் 7-இல். இங்கிலாந்தில் எச்.என்.டி. என்கிற உயர் டிப்ளமோ 5-இல், இளங்கலைப் பட்டம் 6-இல். எனவே "லெவல் 6 படிப்பு" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். இங்கிலாந்தில் அது பட்டத்துக்குரிய படி, ஆஸ்திரேலியாவில் பட்டத்துக்கு ஒரு படி கீழே. "உங்கள் நாட்டில் இளங்கலைப் பட்டம் எந்தப் படியில் இருக்கிறது, இந்தப் படிப்பு எந்தப் படியில் இருக்கிறது?" என்று கேட்டுவிடுங்கள். நேர்மையான நிறுவனம் ஒரே வரியில் பதில் சொல்லிவிடும்.

கீழ்ப்படி என்றால் மட்டமானது என்று அர்த்தமில்லை. வேலை வேறு, அவ்வளவுதான். இதை ஒரு மோட்டாரை வைத்துச் சொல்கிறேன்.

ஒரே மோட்டார், இரண்டு வகுப்பறை

மூன்று ஃபேஸ் மோட்டார் ஒன்று மேஜை மேல் இருக்கிறது. அதன் பெயர்த் தகட்டில் 50 ஹெர்ட்ஸ், நிமிடத்துக்கு 1440 சுற்று என்று பொறித்திருக்கிறது.

தொழிற்கல்லூரி மாணவர் முதலில் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போடுகிறார், டெஸ்டரை வைத்து மின்சாரம் இல்லை என்று உறுதி செய்துகொள்கிறார். முனைப்பெட்டியின் மூடியைக் கழற்றுகிறார். உள்ளே ஆறு முனைகள். எதை எதோடு சேர்த்தால் ஸ்டார் இணைப்பு, எப்படி மாற்றினால் டெல்டா இணைப்பு என்று கையால் இணைத்துப் பார்க்கிறார். மெகர் வைத்து இன்சுலேஷன் அளக்கிறார். ஆசிரியர் வேண்டுமென்றே ஸ்டார்ட்டரில் ஒரு பழுதை ஒளித்து வைத்திருப்பார். குறித்த நேரத்துக்குள் அதைக் கண்டுபிடித்து, சரிசெய்து, என்ன செய்தோம் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். அதுதான் தேர்வு.

பல்கலைக்கழக மாணவர் அதே தகட்டைப் பார்த்து வேறொரு கேள்வி கேட்கிறார். நான்கு துருவ மோட்டார் என்றால் 50 ஹெர்ட்ஸில் அதன் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 முறை சுழல வேண்டும். தண்டு மட்டும் ஏன் 1440-இல் நிற்கிறது? அந்த 60 சுற்று எங்கே போனது? அந்தப் பின்தங்கல் இல்லாவிட்டால் மோட்டார் விசையே தராது என்பதைச் சமன்பாடு எழுதி நிரூபிக்கிறார். சுமை கூடினால் வேகம் எப்படி மாறும் என்று வரைபடம் போடுகிறார். ஆய்வுக்கூடத்துக்கு எப்போதாவது போவார், முனைப்பெட்டியைத் திறக்காமலேகூடப் படிப்பை முடித்துவிடலாம்.

நின்றுபோன இயந்திரத்தை ஓடவைக்க முதலாமவர் வேண்டும். அடுத்த இயந்திரத்தை வேறு விதமாக வடிவமைக்க இரண்டாமவர் வேண்டும். பொறியியல் உலகம் இதை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டு, படிப்புகளைப் பரஸ்பரம் அங்கீகரிக்க மூன்று சர்வதேச உடன்பாடுகளை வைத்திருக்கிறது. 1989-இன் வாஷிங்டன் உடன்பாடு பொறியாளருக்கு, 2001-இன் சிட்னி உடன்பாடு பொறியியல் தொழில்நுட்ப வல்லுநருக்கு, 2002-இன் டப்ளின் உடன்பாடு டெக்னீஷியனுக்கு. பொதுவாக நான்கு, மூன்று, இரண்டு வருடப் படிப்புகள். மூன்றுக்கும் தனித்தனி மரியாதை உண்டு, ஆனால் ஒன்று இன்னொன்றின் இடத்தில் செல்லாது.

உங்கள் மனம் எந்த மேஜைப் பக்கம் போகிறது என்று பாருங்கள். முனைப்பெட்டியைத் திறக்கக் கை துறுதுறுத்தால் நான்கு வருடம் சமன்பாட்டோடு மல்லுக்கட்டுவது வேதனை. 60 சுற்று எங்கே போனது என்ற கேள்வி தூங்கவிடாது என்றால் பழுதுபார்க்கும் பயிற்சி மட்டும் உங்களுக்குப் போதாது. "என் பிள்ளைக்கு மார்க் குறைவு, அதனால் தொழிற்கல்லூரி" என்று முடிவெடுப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கிறது. மார்க்கை வைத்து எடுக்கிற முடிவல்ல இது.

நர்ஸ் ஆக எங்கே படிக்க வேண்டும்?

எந்த வேலைக்கு எந்தப் படிப்பு என்பது நாட்டுக்கு நாடு எவ்வளவு மாறும் என்பதற்கு நர்ஸிங்கை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஜெர்மனியில் நர்ஸ் ஆகும் வழக்கமான பாதை தொழிற்பயிற்சிதான். 2020-இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி மூன்று வருடம். வகுப்பறையில் குறைந்தது 2100 மணி நேரம், நோயாளிகளுக்குப் பக்கத்தில் 2500 மணி நேரம். ஒப்பந்தம் போட்டு, மாதாமாதம் ஊதியம் வாங்கிக்கொண்டு படிப்பார்கள். பட்டமாகவும் படிக்கலாம், ஆனால் பெரும்பாலோர் வருவது பயிற்சி வழியாகத்தான். இங்கிலாந்தில் 2013-இலிருந்து புதிதாக நர்ஸிங் படிக்க வருகிறவர்களுக்குப் பட்டம் கட்டாயம். ஆஸ்திரேலியாவில் இரண்டு வகை நர்ஸ் உண்டு. 'ரெஜிஸ்டர்டு நர்ஸ்' ஆக இளங்கலைப் பட்டம் வேண்டும். 'என்ரோல்டு நர்ஸ்' ஆக டிப்ளமோ போதும், ஆனால் பொறுப்பும் சம்பளமும் குறைவு. ஒன்டாரியோவிலும் இதே கதை: ரெஜிஸ்டர்டு நர்ஸுக்குப் பட்டம், 'பிராக்டிகல் நர்ஸ்' வேலைக்குக் கல்லூரி டிப்ளமோ.

இப்போது யோசியுங்கள். ஒரு பெண் ஜெர்மனியில் மூன்று வருடம் பயிற்சி எடுத்து நல்ல நர்ஸ் ஆகிவிடுகிறார். ஐந்து வருடம் கழித்துக் குடும்பத்தோடு பட்டம் கேட்கும் ஒரு நாட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. அங்கே இவருடைய தாளைத் தனியாக மதிப்பிடுவார்கள், கூடுதல் படிப்போ தேர்வோ கேட்கலாம். கைத்திறமையில் குறை ஒன்றும் இல்லை. தாளின் வகை வேறு, அவ்வளவுதான். ஜெர்மனியிலேயே தங்கப்போகிறவருக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. அதனால் "நர்ஸ் ஆக வேண்டும்" என்பது பாதிக் கேள்விதான். எந்த நாட்டில், எந்த வகை நர்ஸாக, எவ்வளவு காலத்துக்கு என்பதையும் சேர்த்தால்தான் பதில் வரும்.

உரிமம் வேண்டிய எல்லா வேலைகளுக்கும் இது பொருந்தும். மின்பணி, குழாய்ப்பணி, குழந்தைகள் பராமரிப்பு, விமானப் பராமரிப்பு எல்லாவற்றுக்கும் உரிமம் தரும் அமைப்பு ஒன்று இருக்கும். கல்லூரியின் விளம்பரத்தைப் படிப்பதற்கு முன்னால் அந்த அமைப்பின் தளத்தைப் படியுங்கள். ஆஸ்திரேலியாவில் மாணவர் விசாவில் இருப்பவர்கள் பொதுவாக அப்ரண்டிஸ் பயிற்சியில் சேர முடியாது. அதனால் அங்கே கல்லூரியில் சான்றிதழ் வாங்கியதுமே உள்ளூர்க்காரர் மாதிரி எலக்ட்ரீஷியன் உரிமம் கிடைத்துவிடாது. இந்த ஒரு விஷயம் முன்கூட்டியே தெரிந்திருந்தால் பலர் வேறு படிப்பைத் தேர்ந்திருப்பார்கள்.

டாக்டர், வக்கீல், ஆராய்ச்சியாளர் போன்ற வேலைகளுக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. அங்கே பல்கலைக்கழகம்தான் வழி.

வேலையும் படிப்பும் சேர்ந்த வாரம்

ஜெர்மனியின் 'அவுஸ்பில்டுங்' என்கிற தொழிற்பயிற்சி முறை பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இது கல்லூரியில் இடம் வாங்கும் முறையே அல்ல. முதலில் ஒரு நிறுவனம் உங்களைப் பயிற்சியாளராக எடுத்து ஒப்பந்தம் போட வேண்டும். அப்புறம்தான் விசா. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளி, மீதி நாள் பணியிடம். சில தொழில்களில் பள்ளி நாட்களை வாரக்கணக்கில் மொத்தமாக வைப்பார்கள். தொழிலைப் பொறுத்து இரண்டிலிருந்து மூன்றரை வருடம். முடிவில் தேர்வு நடத்துவது பெரும்பாலும் வணிகத் தொழில் சபை அல்லது கைவினைத் தொழில் சபை. பயிற்சி கொடுத்த நிறுவனமே மார்க் போட்டுக்கொள்ள முடியாது. அந்தச் சான்றிதழுக்கு நாடு முழுக்க மதிப்பு இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். இப்படி அங்கீகரிக்கப்பட்ட தொழில்கள் 320-க்கு மேல் உள்ளன.

ஊதியம் உண்டு. சட்டம் குறைந்தபட்சத் தொகை வைத்திருக்கிறது: 2025-இல் தொடங்கிய பயிற்சிக்கு முதலாண்டில் மாதம் 682 யூரோ, அடுத்தடுத்த ஆண்டுகளில் கூடும். பல துறைகளில் இதைவிட அதிகமாகவே தருகிறார்கள். பல்கலைக்கழக மாணவர் விசாவுக்கு 2024 செப்டம்பர் முதல் மாதம் 992 யூரோ, அதாவது ஆண்டுக்கு 11,904 யூரோ கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறைந்தபட்ச ஊதியம் மட்டும் வாங்கினால் வாழ்க்கைச் செலவுக்கு எட்டாது, மீதிக்கு வழி இருக்கிறது என்று காட்ட வேண்டி வரும். "சம்பளத்தோடு படிப்பு, ஒரு செலவும் இல்லை" என்று சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

மொழி விஷயத்தில் ஒரு தப்பெண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். தொழிற்பயிற்சிக்குக் கொஞ்சம் பேசினால் போதும், பல்கலைக்கழகத்துக்குத்தான் மொழி வேண்டும் என்று நினைக்கிறோம். நடைமுறை நேர்மாறு. ஜெர்மனியில் ஆங்கிலத்திலேயே முதுகலைப் பட்டம் படித்துவிடலாம். அவுஸ்பில்டுங்கில் அது நடக்காது. பி-1 என்கிற நடுத்தர அளவு ஜெர்மன் இல்லாமல் விசா பெரும்பாலும் கிடைக்காது. கிடைத்த பிறகும், காலை ஆறு மணிக்கு மருத்துவமனை வார்டில் ஒரு முதியவர் வட்டார வழக்கில் "இங்கே வலிக்கிறது" என்று முனகினால் அது உங்களுக்குப் புரிய வேண்டும். பாடப்புத்தக ஜெர்மன் அங்கே பாதி தூரம்தான் வரும்.

பயிற்சி இடம் கைநழுவிப் போனாலும் உடனே நாட்டை விட்டுப் போக வேண்டியதில்லை. உங்கள் தவறால் போகவில்லை என்றால் வேறு இடம் தேட ஆறு மாதம் வரை அவகாசம் தரச் சட்டத்தில் இடமுண்டு.

சரி, ஜெர்மனியில் பல்கலைக்கழகம் என்றால்? அங்கேயும் இரண்டு வகை. ஆராய்ச்சியைச் சார்ந்த பல்கலைக்கழகம் ஒன்று, பயன்முறை அறிவியல் உயர்கல்வி நிறுவனம் இன்னொன்று. இரண்டும் இளங்கலை, முதுகலைப் பட்டம் தரும். இரண்டாவதில் நிறுவனங்களில் செய்யும் நேரடிப் பயிற்சி பாடத்திட்டத்திலேயே இருக்கும். கைவேலையும் வேண்டும், பட்டமும் வேண்டும் என்கிறவர்களுக்கு இந்த நடுப்பாதை மிகப் பொருத்தம் என்பது என் கருத்து. நெதர்லாந்தின் 'எச்.பி.ஓ.' நிறுவனங்களும் இதே வகைதான். அங்கே இளங்கலை நான்கு வருடம். ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தில் மூன்றே வருடம். ஒரு வருடம் கூடுதலாகப் படித்தும், எச்.பி.ஓ. பட்டதாரி ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தில் முதுகலை சேரப் பல நேரம் இடைப்படிப்பு ஒன்றை முடிக்க வேண்டியிருக்கும்.

படித்து முடித்த பிறகு எவ்வளவு நாள்?

பலருக்கு உண்மையான கேள்வி இதுதான். இதை ஒளிக்கத் தேவையில்லை. படிப்புக்குச் செலவழித்தவர் அந்த நாட்டில் கொஞ்ச காலமாவது வேலை பார்க்க நினைப்பது நியாயம்தானே?

இரண்டு பாதைகளுக்கும் விதிகள் நிறைய வேறுபடுகின்றன. கனடாவில் 2024 நவம்பர் 1 முதல், படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதிக்கு மொழித் தேர்வு முடிவும் வேண்டும். கனடாவின் மொழி அளவுகோலில் பட்டதாரிக்கு 7, கல்லூரி டிப்ளமோ முடித்தவருக்கு 5. மொழி அளவு குறைவு என்று கல்லூரி மாணவர்கள் மகிழ்வதற்கு முன் அடுத்த விதியையும் பார்க்க வேண்டும். அந்தத் தேதிக்குப் பிறகு மாணவர் அனுமதிக்கு விண்ணப்பித்துக் கல்லூரி டிப்ளமோ படிப்பவர்கள், அரசு அறிவித்திருக்கும் துறைகளில் ஒன்றைத்தான் படித்திருக்க வேண்டும். பல்கலைக்கழக இளங்கலை, முதுகலை, முனைவர் பட்டங்களுக்கு இந்தத் துறைக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே ஒரே ஊரில் ஒரே பாடத்தை ஒருவர் டிப்ளமோவாகவும் இன்னொருவர் பட்டமாகவும் படித்தால் ஒருவருக்கு மட்டும் வேலை அனுமதி கிடைக்கக்கூடும். துறைப் பட்டியலும் அவ்வப்போது மாறுகிறது. பணம் கட்டும் வாரத்தில் அரசுத் தளத்தில் நீங்களே பார்த்துவிடுங்கள், போன வருடம் போனவர் சொன்னதை நம்பிவிட வேண்டாம்.

அமெரிக்காவில் விசாவே இரண்டு வகை. பல்கலைக்கழகத்துக்கும் பட்டப் பாதையில் இருக்கும் கம்யூனிட்டி காலேஜுக்கும் எஃப்-1, தொழிற்பள்ளிக்கு எம்-1. எஃப்-1-இல் படிப்பு முடிந்ததும் 12 மாதம் துறை சார்ந்த வேலைப் பயிற்சி. அறிவியல், தொழில்நுட்பத் துறைகளில் பட்டம் பெற்றவருக்கு இன்னும் 24 மாதம். எம்-1-இல் நான்கு மாதப் படிப்புக்கு ஒரு மாதம் என்ற கணக்கில் அதிகபட்சம் ஆறு மாதம்தான். "முதலில் எம்-1-இல் போகிறேன், அங்கே போய் எஃப்-1-க்கு மாறிக்கொள்கிறேன்" என்பதும் நடக்காது. நாட்டுக்குள் இருந்தபடி அப்படி மாற விதி இடம் தராது.

பிரிட்டனில் படிப்புக்குப் பின் தங்கி வேலை தேடும் 'கிராஜுவேட்' விசா பட்டத்துக்கும் அதற்கு மேற்பட்ட படிப்புக்கும்தான், எச்.என்.டி.க்குக் கிடையாது. ஆஸ்திரேலியாவில் இரண்டுக்கும் தனித்தனிப் பிரிவு உண்டு. தொழிற்கல்வி முடித்தவருக்கு 18 மாதம் வரை, படிப்பு தேவைப்பட்டியலில் உள்ள தொழிலோடு நெருங்கியதாக இருக்க வேண்டும். ஜப்பானில் இரண்டு வருடத் தொழிற்பள்ளியான 'செம்மோன் கக்கோ' முடித்தவருக்கும் வேலை விசா கிடைக்கும். ஆனால் பார்க்கப் போகும் வேலை படித்த பாடத்தோடு பொருந்துகிறதா என்று பல்கலைக்கழகப் பட்டதாரியைவிடக் கண்டிப்பாகப் பார்ப்பார்கள்.

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு

டிப்ளமோவில் சேர்ந்தால் வாழ்நாள் முழுக்க டிப்ளமோதான் என்று பயப்பட வேண்டாம், பாலங்கள் இருக்கின்றன. அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் படித்துவிட்டு, பல்கலைக்கழகத்தின் மூன்றாம் வருடத்தில் சேர்வது அங்கே சகஜம். முதல் இரண்டு வருடக் கட்டணம் வெகுவாகக் குறையும், கையில் வருவது பல்கலைக்கழகத்தின் பட்டம். ஆஸ்திரேலியாவில் 'டேஃப்' என்கிற அரசுத் தொழிற்கல்லூரியின் டிப்ளமோவுக்குப் பல பல்கலைக்கழகங்கள் பட்டப்படிப்பில் ஒரு வருடம் வரை குறைத்துக்கொள்கின்றன. ஜெர்மனியில் பயிற்சி முடித்து, அனுபவம் பெற்று, 'மைஸ்டர்' என்கிற தொழில் வல்லுநர் தேர்விலும் தேறியவரின் தகுதியை அந்நாட்டுப் படிக்கட்டில் இளங்கலைப் பட்டத்துக்குச் சமமான 6-ஆம் படியில் வைத்திருக்கிறார்கள். ஜப்பானில் நான்கு வருடத் தொழிற்பள்ளிப் படிப்பு முடித்தால் முதுகலைக்குப் போக வழி உண்டு.

ஆனால் எல்லாப் பாலமும் எல்லா இடத்துக்கும் போகாது. குறிப்பிட்ட கல்லூரியும் குறிப்பிட்ட பல்கலைக்கழகமும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும், உங்கள் பாடம் அதில் இருக்க வேண்டும். "கிரெடிட் டிரான்ஸ்ஃபர் உண்டு", அதாவது முன்பு படித்ததைக் கணக்கில் சேர்த்துக்கொள்வோம் என்ற வாசகத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். எந்தப் படிப்பிலிருந்து எந்தப் படிப்புக்கு, எத்தனை கிரெடிட், என்ன மதிப்பெண் இருந்தால் என்று கேளுங்கள்.

எதிர்த் திசைப் பயணமும் உண்டு. பட்டம் பெற்றவர், வேலைக்கான கைப்பழக்கம் வேண்டி ஒரு வருடச் சான்றிதழ்ப் படிப்புக்குக் கல்லூரி போகிறார். இதில் தவறே இல்லை. சந்தைக்கு வேண்டிய ஒரு மென்பொருளையோ கருவியையோ கற்றுக்கொள்ள அது குறுக்குவழி. ஆனால் முதுகலை முடித்தவர் அதைவிடக் கீழ்ப்படியில் இருக்கும் படிப்புக்கு விண்ணப்பித்தால் "ஏன் இது?" என்று விசா அதிகாரி கேட்பார். அதற்கு உண்மையான பதில் உங்களிடம் இருக்க வேண்டும்.

கடிதத்தைக் கையில் எடுங்கள்

சேர்க்கைக் கடிதம் வந்ததும் நிதானமாக உட்கார்ந்து படியுங்கள். நிறுவனத்தின் முழுப் பெயர் என்ன? ஆஸ்திரேலியா என்றால், வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் நிறுவனங்களுக்கான அரசுப் பதிவேடான 'கிரிகாஸ்' குறியீடு கடிதத்தில் இருக்கும். அந்தப் பதிவேட்டில் நிறுவனத்துக்கும் படிப்புக்கும் தனித்தனி எண் உண்டு, இரண்டையும் தேடிப் பாருங்கள். கனடா என்றால் 'டி.எல்.ஐ.' எண். அந்த எண் இருந்தால் மாணவர்களைச் சேர்க்க அனுமதி இருக்கிறது என்று மட்டுமே அர்த்தம், வேலை அனுமதிக்குத் தகுதி உண்டு என்று அர்த்தம் இல்லை. அதற்கு வேறு சரிபார்ப்பு இருக்கிறது. அரசுக் கல்லூரியின் பாடத்திட்டத்தை வாங்கித் தனியார் கல்லூரி நடத்தும் படிப்புகள் கனடாவில் உண்டு. 2024 மே 15 முதல் அவற்றில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அந்த வேலை அனுமதி இல்லை. கடிதத்தின் தலைப்பில் அரசுக் கல்லூரியின் பெயரே இருந்தாலும் வகுப்பு நடக்கும் முகவரி வேறாக இருந்தால் உஷாராகுங்கள்.

தனியார் தொழிற்கல்லூரிகளில் நல்லவையும் உண்டு, பேருக்கு வகுப்பு நடத்துபவையும் உண்டு. ஆஸ்திரேலியாவின் தொழிற்கல்வி ஒழுங்குமுறை ஆணையம் முறையாகப் பாடம் நடத்தாத சில தனியார் நிறுவனங்கள் கொடுத்த ஆயிரக்கணக்கான சான்றிதழ்களை 2024-இலிருந்து ரத்து செய்துவருகிறது. படித்து முடித்து, வேலையிலும் சேர்ந்தவர்களின் கையிலிருந்த தாள் செல்லாமல் போனது. "வாரத்தில் ஒரு நாள் வந்தால் போதும்" என்று யாராவது ஆசை காட்டினால் அதைச் சலுகை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏஜென்ட் வைத்துக்கொள்வதில் தப்பில்லை, நல்லவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்குக் கமிஷன் கல்லூரிகளிடமிருந்து வருகிறது என்பதை நினைவில் வையுங்கள். கமிஷன் தராத இடங்கள் பேச்சில் வராமலே போகலாம். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. விதிவிலக்குகளும் உண்டு: பாடன்-வுர்ட்டெம்பர்க் மாநிலத்தில் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு செமஸ்டருக்கு 1500 யூரோ. கட்டணமே இல்லாத இடத்தில் கமிஷன் எங்கிருந்து வரும்? அதனால் அவற்றை நீங்களே தேட வேண்டும்.

கடைசியாக ஒரு சின்ன வேலை, பணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டியது. ஐந்து வருடம் கழித்து நீங்கள் இருக்க நினைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அது ஒரு முதுகலைப் படிப்பாக இருக்கலாம், உரிமம் தரும் அமைப்பாக இருக்கலாம், திரும்பி வந்து சேர நினைக்கும் அலுவலகமாகவும் இருக்கலாம். அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள்: "இந்த நிறுவனத்தில், இந்தப் பெயருள்ள, இத்தனை வருடப் படிப்பை முடித்தால் ஏற்றுக்கொள்வீர்களா?" படிப்பின் பெயரைச் சேர்க்கைக் கடிதத்தில் உள்ளபடியே, ஓர் எழுத்து மாறாமல் எழுதுங்கள். வரும் பதிலை அச்சிட்டுச் சேர்க்கைக் கடிதத்தோடு ஒரே கோப்பில் வையுங்கள். பதில் வரும்வரை முன்பணம் கட்ட வேண்டாம்.